முன்சில்லு இறுகினால் முதலில் எதைப் பார்ப்பது?

(மீளக்குடியமர்ந்த கிராமங்களில் சிறிய ஜீப் வைத்திருப்போருக்கும் ஓட்டுவோருக்குமான சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வாகனத்தின் பிறேக்கைப் பற்றிக் கதைக்க ஒரு கராஜ்காரரை அல்லவா கூட்டி வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நினைப்பது சரிதான். நான் கலைப்பீடத்தில் படித்தவள். என்னுடைய வேலை இப்படியான கையேடுகளை எழுதுவதும், உங்களுடைய சந்திப்புகளுக்கு வருவதும். ஆனால் இன்று சொல்லப் போவதை ஒரு கராஜில், ஜீப்பின் பக்கத்தில் குந்தியிருந்து, கையில் கறுப்பு ஒயில் பட்டுத்தான் படித்தேன். என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது என்றால் உங்களால் நிச்சயம் முடியும்.

இந்தக் கையேட்டில் காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், மிதிவெடி அபாயம், கிணறு துப்புரவு என்று பல விடயங்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு ஜீப்பின் முன்பிறேக் ஏன் வந்தது? காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜீப், இரண்டு கிழமை

ஒரு மாரி காலத்தில் மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போயிருந்தோம். எங்களுடைய வாகனம் வேறு வேலையில் நின்றதால், ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தின் பழைய சுசுகி ஜீப்பை வாடகைக்குப் பிடித்தோம். அந்தக் கிராமத்தில் மழைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போய் வரக்கூடிய வாகனம் அது ஒன்றுதான். கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணித் தாய்மாரையும், இரவில் பாம்பு கடித்தவரையும், சங்கக்கடைக்கு வருகிற மாவையும் அதுதான் ஏற்றி இறக்கும்.

திரும்பி வரும்போது எரிந்த மணம் வந்தது. ஜீப் இடது பக்கமாக இழுத்தது. காலை எடுத்தால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல நின்றது. ஜீப்கார அண்ணை வீதியிலேயே நிறுத்தினார். நான் இறங்கி ஓரத்துப் புல்லுக்குள் கால் வைக்கப் போக, "தங்கச்சி, தாருக்குள்ளேயே நில்லுங்கோ" என்று சத்தம் போட்டார். அந்தப் பக்கம் அப்போது மிதிவெடி அகற்றி முடியவில்லை. சில்லைப் பார்க்கிற அவசரத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

அடுத்த நாள் அவர் பக்கத்து ஊரில் ஒருவரிடம் காட்டினார். அவர் இடது சில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கலிப்பர் போட்டுது" என்றார். கலிப்பர் மாற்றியாயிற்று. வாழ்வாதாரக் கடனில் மிஞ்சியிருந்த காசு அதோடு முடிந்தது. மூன்றாம் நாள் திரும்பவும் அதே மணம். பிறகு கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய்ச் சரி பார்க்கும்வரை ஜீப் வீட்டில் நின்றது. மொத்தம் இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் தாய்மார் லான்ட்மாஸ்டர் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி கிளினிக்குக்குப் போனார்கள்.

கிளிநொச்சிக் கராஜ்காரர் ஒரேயொரு ஸ்பானரை வைத்துக்கொண்டு கால் மணித்தியாலத்தில் உண்மையான பிழையைக் கண்டுபிடித்தார். கலிப்பரில் ஒன்றுமே இல்லை. பிழை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நீங்களே ஊகித்துவிடுவீர்கள். அவர் எனக்குச் சொன்னது இதுதான்: "சாமான் வாங்க முதல், இறுக்கம் எந்த இடத்தில் நிற்குது என்று பிடிக்க வேணும். அதைப் பிடிக்கக் காசு தேவையில்லை."

இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு வசனத்தின் விரிவுதான்.

பெடலை மிதித்தால் உள்ளே என்ன நடக்கிறது?

நாங்கள் கதைப்பது முன்னுக்கு டிஸ்க் பிறேக், பின்னுக்கு டிரம் பிறேக் உள்ள சிறிய ஜீப்புகளைப் பற்றி. பிறேக் பெடலை மிதிக்கும்போது, போனற்றுக்குக் கீழே உள்ள பூஸ்டர் வழியாக ஒரு தள்ளுகோல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. மாஸ்டர் சிலிண்டர் பிறேக் ஒயிலை இரும்புக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. சில்லுக்குக் கிட்ட, ஸ்ரேறிங்கோடு சேர்ந்து அசைய வேண்டிய இடத்தில், இரும்புக் குழாய்க்குப் பதிலாக றபர் ஹோஸ் இருக்கும். அதன் முடிவில் கலிப்பர். கலிப்பருக்குள் உள்ள பிஸ்டன் வெளியே வந்து, இரண்டு பிறேக் பாட்களும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெரிக்கின்றன. சில்லு நிற்கிறது.

இப்போது காலை எடுக்கிறீர்கள். பிஸ்டன் எப்படித் திரும்பிப் போகிறது? டிரம் பிறேக்கில் இழுத்தெடுக்க ஸ்பிறிங் உண்டு. டிஸ்க் பிறேக்கில் அப்படி ஒன்றும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு றபர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் வெளியே வரும்போது அது சற்று முறுகும். ஒயிலின் அழுத்தம் போனதும் வளையம் பழைய நிலைக்கு வந்து, பிஸ்டனை ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த அளவு உள்ளே இழுக்கும். அவ்வளவுதான். அந்தச் சின்ன இழுப்பை நம்பித்தான் முன்சில்லு சுதந்திரமாகச் சுழல்கிறது.

ஆகவே முன்சில்லு இறுகுவதற்கு அடிப்படையில் இரண்டே காரணங்கள் உண்டு:

1. காலை எடுத்த பிறகும் ஒயில் திரும்பிப் போக வழியில்லாமல், அழுத்தம் உள்ளேயே அடைபட்டு நிற்கிறது.
2. அழுத்தம் போய்விட்டது. ஆனால் துரு, சேறு, காய்ந்த கிறீஸ் காரணமாகப் பிஸ்டனோ பாட்டோ அசைய முடியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த இரண்டில் எது என்று பிரித்து அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

இது உண்மையில் பிறேக்தானா?

வேறு சில பிழைகளும் பிறேக் இறுகுவதுபோலவே காட்டும். முதலில் அவற்றை விலக்குங்கள்.

போர்வீல் கியர். சேற்றுக்குள் போட்ட போர்வீலை எடுக்க மறந்து தார் வீதியில் ஓடினால், ஸ்ரேறிங் பாரமாகும், வளைவில் வாகனம் இழுபடும். பழைய சிறிய ஜீப்புகளில் முன், பின் அச்சுகளுக்கு நடுவில் வேக வித்தியாசத்தை ஏற்கிற டிபரென்ஷல் இல்லை. ஆகவே காய்ந்த வீதியில் போர்வீல் போடக் கூடாது. லீவரை எடுத்துவிட்டுச் சிறிது தூரம் ஓடிப் பாருங்கள்.

காற்று. ஒரு முன் ரயரில் காற்றுக் குறைந்தாலும் வாகனம் அந்தப் பக்கம் இழுக்கும்.

பெயாரிங். ஜக் அடித்துத் தூக்கிய பிறகு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுழற்றும்போது உறுமல் சத்தம் கேட்டாலோ பெயாரிங் பக்கம் பாருங்கள். பெயாரிங் பழுதானாலும் சில்லு சூடாகும்.

ஹான்ட் பிறேக் முன்சில்லுகளைத் தொடாது. ஆகவே முன்சில்லு சூடானால் ஹான்ட் பிறேக்கைக் குறை சொல்ல வேண்டாம். சூடாவது பின்சில்லு என்றால் அது வேறு கதை.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

மட்டமான வீதியில் ஐந்து, ஆறு கிலோமீற்றர் ஓடுங்கள். முடிந்தளவு பிறேக் பிடிக்காதீர்கள். கடைசியில் கியரை நியூட்ரலில் விட்டு, வாகனம் தானாக வேகம் குறைய விடுங்கள். நன்றாக உள்ள ஜீப் மெதுவாக உருண்டு போய் நிற்கும். இறுகிய ஜீப் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல நிற்கும்.

பிறகு இறங்கி நான்கு சில்லுகளையும் பாருங்கள். உள்ளங்கையை வைக்க வேண்டாம். புறங்கையை இரும்பு றிம்முக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தாலே வெக்கை தெரியும். டிஸ்க்கை ஒருபோதும் தொடாதீர்கள். றிம்மில் இரண்டு துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிஸ்க் கோணும், வெடிக்கவும் கூடும்.

முன்சில்லுகள் சாதாரண ஓட்டத்திலும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். நாங்கள் தேடுவது வித்தியாசத்தை. ஒரு முன்சில்லு மட்டும் கடுமையாகச் சூடா? அல்லது இரண்டுமே சூடா? இடது பக்கத்தில் மணம் வந்தது என்பதற்காக இடது சில்லை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வராதீர்கள். எங்கள் ஜீப்பில் முதல் ஆள் விட்ட பிழை இதுதான்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். காலையில் ஆறிய நிலையில் சில்லு எப்படி இருக்கிறது? காலையில் நன்றாகச் சுழன்று, ஓட ஓட இறுகி, ஒரு மணித்தியாலம் நிறுத்தினால் திரும்பவும் சரியாகிறது என்றால், பெரும்பாலும் ஒயில் அடைபட்டிருக்கிறது. சூட்டில் ஒயில் விரியும். திரும்பிப் போக வழியில்லாததால் அது பிஸ்டனை இன்னும் தள்ளும். அதனால் சூடு கூடும், ஒயில் இன்னும் விரியும். காலையும் மாலையும் ஒரேமாதிரி இறுகி நின்றால், துருவோ சேறோ பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாகனம் ஆறினால் சாட்சியும் போய்விடும். "கராஜுக்குக் கொண்டுபோனால் நல்லாய் நிற்குது, வீட்டுக்கு வந்தால் இறுகுது" என்று பலர் சொல்வது இதனால்தான். ஆகவே அடுத்துச் சொல்லும் பரிசோதனைகளைச் சில்லு இறுகி நிற்கும்போதே செய்யுங்கள். கை படக்கூடிய அளவுக்கு ஆறினால் போதும். சுழலத் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஜக் அடிக்க முன்னர்

- கெட்டியான, மட்டமான தரை வேண்டும். மாரியில் நனைந்த மண்ணில் ஜக் புதையும். கீழே தடித்த பலகை வையுங்கள்.
- பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது மரக்குற்றி கொடுங்கள்.
- ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். அச்சுக்குக் கீழே உறுதியான தாங்கி வையுங்கள். அடுக்கிய செங்கல்லும் சீமெந்துக் கல்லும் தாங்கி ஆகாது, நொறுங்கும்.
- போர்வீல் லீவர் எடுத்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், என்ஜின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.
- தனியாகச் செய்யாதீர்கள். பெடல் மிதிக்க ஒருவர், சில்லில் ஒருவர் என இரண்டு பேர் வேண்டும்.
- பிறேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் பிடிக்காதீர்கள். பழைய பாட்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

இப்போது ஒரு முன்சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். பாட் டிஸ்க்கில் லேசாக உரசும் சத்தம் வழமையானது. முன் ஹப்பில் லொக் உள்ள ஜீப் என்றால் அதைத் திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே டிபரென்ஷலும் சேர்ந்து சுழலும், சற்றுப் பாரமாகவே இருக்கும். அதனால்தான் இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

இரண்டு முன்சில்லும் இறுகினால்: மேலே இருந்து தேடுங்கள்

இரண்டு கலிப்பர்களும் ஒரே நாளில் பழுதாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது பெடல், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும்.

முதலாவது, பெடல். விரலால் மெதுவாக அழுத்துங்கள். பாரம் தெரிய முன்னர் சிறிதளவு சும்மா போய் வர வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் பெடல் சற்று மிதிபட்டபடியே நிற்கிறது என்று அர்த்தம். கீழே மடிந்த கால்விரிப்பு, துருப்பிடித்த பெடல் அச்சு, பிழையாக வைத்த பிறேக் லைற் சுவிட்ச் ஆகியவையும் இதைச் செய்யும். இவற்றைச் சரி செய்யச் செலவே இல்லை.

இரண்டாவது, தள்ளுகோல். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் சில சுற்றுத் தளர்த்தி, சிலிண்டரைச் சற்று முன்னால் இழுங்கள். சில்லு விடுபட்டால், தள்ளுகோல் சிலிண்டரை முழுவதும் திரும்ப விடவில்லை. அது தள்ளுகோலின் நீளம் அல்லது பூஸ்டரின் பிழை. பார்த்து முடிந்ததும் நட்டுகளைத் திரும்ப இறுக்க மறக்காதீர்கள்.

மூன்றாவது, மாஸ்டர் சிலிண்டர். நட்டைத் தளர்த்தியும் சில்லு விடவில்லை என்றால், சிலிண்டரில் இருந்து முன்சில்லுகளுக்குப் போகும் குழாயின் மூட்டைத் துணியால் சுற்றிப் பிடித்து மெல்லத் தளர்த்துங்கள். ஒயில் கசிந்து சில்லு விடுபட்டால், அழுத்தம் சிலிண்டருக்குள் அடைபட்டிருந்தது. உள்ளே ஒயில் திரும்பிப் போக ஊசி முனை போன்ற ஒரு சிறிய துவாரம் இருக்கிறது. அழுக்கோ, ஊதிப்போன றபரோ அதை மூடியிருக்கும்.

ஒரு முன்சில்லு மட்டும் இறுகினால்: கீழே இருந்து தேடுங்கள்

கலிப்பரின் பின்பக்கத்தில் எயார் எடுக்கும் நிப்பிள் இருக்கும். அதில் ஒரு சிறிய ரியூப்பைச் சொருகி, மறுமுனையை ஒரு போத்தலுக்குள் விடுங்கள். சரியான அளவு ஸ்பானரால் கால் சுற்றுத் திறவுங்கள். நிப்பிள் துருப்பிடித்து அசையாவிட்டால் பலம் போடாதீர்கள், உடைந்துவிடும். துரு இளக்கும் ஒயில் விட்டு ஊற வையுங்கள், அல்லது கராஜில் விடுங்கள்.

திறந்ததும் ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால், அடைபட்ட அழுத்தம்தான் காரணம். ஒரு சில்லில் மட்டும் இப்படி என்றால் றபர் ஹோஸைச் சந்தேகியுங்கள். பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே றபர் உரிந்து ஒரு கதவுபோலத் தொங்கும். உங்கள் காலின் பலத்தில் ஒயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரப் பலம் இல்லாமல் அங்கேயே நின்றுவிடும். உறுதிப்படுத்த இன்னொரு வழி: நிப்பிளை மூடி, ஒருவர் பெடலை மிதித்து விடட்டும். சில்லு இறுகியதும், ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் மூட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் பிழை ஹோஸில்தான். மாற்றும்போது இரண்டு பக்க ஹோஸையும் மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது.

நிப்பிளைத் திறந்தும் சில்லு விடவில்லை என்றால், அழுத்தம் குற்றவாளி அல்ல. ஏதோ ஒன்று பிடித்து நிற்கிறது. சில்லைக் கழற்றி மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பாட்கள். அவை தாங்கியில் முன்னும் பின்னும் கையால் அசைய வேண்டும். குளக்கரைச் சேறும் கடற்கரை உப்புக் காற்றும் தந்த துரு அங்கே இறுகியிருக்கும். கம்பிப் பிரஷால் சுத்தம் செய்தாலே பல சில்லுகள் விடுபட்டுவிடும்.

இரண்டு, ஸ்லைட் பின்கள். கலிப்பர் இந்த இரண்டு பின்களிலும் வழுக்கிப் போய்வர வேண்டும். உட்பக்கப் பாட் தேய்ந்து வெளிப்பக்கப் பாட் தடிப்பாக இருந்தால் இந்தப் பின்களைச் சந்தேகியுங்கள். கழற்றித் துடைத்து, பிறேக்குக்கென்று விற்கிற கிறீஸ் பூச வேண்டும். சாதாரண கிறீஸும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஒன்று றபரைக் கெடுக்கும், மற்றது சூட்டில் ஓடிவிடும்.

மூன்று, பிஸ்டன். அதைச் சுற்றியுள்ள தூசு மறைக்கும் றபர் கிழிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்திருக்கும். பெரிய கிளாம்பால் அழுத்தியும் பிஸ்டன் உள்ளே போகாவிட்டால்தான் கலிப்பரைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும். இத்தனை படியும் தாண்டி வந்த பிறகுதான் "கலிப்பர் போட்டுது" என்று சொல்லலாம்.

குழாய் மூட்டு, நிப்பிள் எதைத் திறந்தாலும் பிறகு நான்கு சில்லுக்கும் எயார் எடுத்துவிட்டுத்தான் வீதிக்கு இறங்க வேண்டும்.

எங்கள் ஜீப்பில் இருந்த பிழை

கிளிநொச்சிக் கராஜ்காரர் முதலில் வலது சில்லையும் தூக்கிப் பார்த்தார். அதுவும் இறுகியிருந்தது, இடதை விடச் சற்றுக் குறைவாக. உடனே போனற்றைத் திறந்தார். நட்டைத் தளர்த்தினார், விடவில்லை. குழாய் மூட்டைத் தளர்த்தினார். ஒயில் கசிந்தது, இரண்டு சில்லும் விடுபட்டன.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி உள்ளே இருந்த றபரை எடுத்து, புதிய றபருக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது ஊறிய கடலைபோல ஊதியிருந்தது. பிறேக் ஒயில் கிடைக்காத ஒரு நாளில், யாரோ என்ஜின் ஒயிலை அந்த டப்பாவுக்குள் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோ வேறு யாருமில்லை, தான்தான் என்று ஜீப்கார அண்ணை கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "ஒயில் தானே என்று விட்டனான் தங்கச்சி." அவரில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று நான் உங்கள் முன்னால் நிற்பது அதற்காகத்தான்.

என்ஜின் ஒயில், கியர் ஒயில், பவர் ஸ்ரேறிங் ஒயில், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு துளி கூடப் பிறேக் டப்பாவுக்குள் போகக் கூடாது. போனால் றபர் ஊதும். பிறகு ஒயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அது தொட்ட றபர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டும். றபர் சாமான்களைப் பெற்றோலாலும் கழுவக் கூடாது.

ஒயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம்

டப்பாவின் மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். இந்த ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140 பாகைதான். சில்லு இறுகிச் சூடானால் பழைய ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவி நெரிபடும். பெடல் பஞ்சுபோலக் கீழே போகும், பிறேக் பிடிக்காது. இறுகிய பிறேக்கின் உண்மையான ஆபத்து இதுதான். நிற்காமல் இழுத்துக்கொண்டிருந்த அதே பிறேக், தேவைப்படும்போது இல்லாமல் போகும்.

திறந்து பல மாதமான போத்தலில் உள்ளதைப் பாவிக்க வேண்டாம். வடிந்த ஒயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். அது நஞ்சு. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வழியில் இறுகினால்

தார் வீதியின் மேலேயே, மற்ற வாகனங்களுக்குத் தெரியும்படி நிறுத்துங்கள். மண்டையோட்டுப் படத்துடன் சிவப்புப் பலகை உள்ள இடங்களிலும், துப்புரவு செய்தார்களா என்று தெரியாத இடங்களிலும் ஓரத்துப் பற்றைக்குள் இறங்காதீர்கள். சில்லுக்குக் கொடுக்கக் கல் தேடியும் போகாதீர்கள். இரண்டு மரக்குற்றிகளை எப்போதும் ஜீப்பிலேயே வைத்திருங்கள்.

ஆற விடுங்கள். அரை மணித்தியாலமாவது வேண்டும். ஆறிய பின் சில்லு விட்டால், பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, கிட்டிய கராஜ்வரை மெதுவாக, கியரால் வேகத்தைக் குறைத்து ஓடுங்கள். பெடல் பஞ்சாக இருந்தால் ஓட வேண்டாம், கட்டி இழுப்பியுங்கள். முன்குழாயை மடித்து அடித்து மூடிவிட்டு ஓடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாகனத்தை நிறுத்துவதில் பெரும் பங்கு முன்பிறேக்கினுடையது.

வருடக்கணக்காக நின்ற வாகனம்

இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற வாகனத்தைத் திரும்பக் கண்டுபிடித்தவர்கள் உங்களில் இருக்கலாம். அது பற்றைக்குள்ளோ துப்புரவு செய்யாத காணிக்குள்ளோ நின்றால், கதவைத் திறக்கவோ இழுக்கவோ வேண்டாம். முதலில் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும், சில்லு சுழல்கிறது என்பதற்காக ஓடாதீர்கள். பிறேக் றபர்கள், ஹோஸ்கள், ஒயில் அனைத்தும் பழுதாகிவிட்டன என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கில் அதை முதல் வரியில் எழுதுங்கள்.

கராஜில் நீங்கள் கேட்க வேண்டியவை

1. இரண்டு முன்சில்லையும் பார்த்தீர்களா?
2. நிப்பிளைத் திறந்தபோது சில்லு விட்டதா, விடவில்லையா?
3. இறுக்கம் எந்த இடத்தில் நிற்கிறது?
4. கழற்றிய பழைய சாமானைக் காட்டுவீர்களா?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல கராஜ்காரர் சந்தோசமாகப் பதில் சொல்வார்.

வேலை முடிந்ததும் வாகனத்தை எடுக்க முன்னர், நின்ற இடத்திலேயே பெடலைப் பல தரம் மிதியுங்கள். பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருந்தால் முதல் மிதி வெறுமனே நிலம்வரை போகும். அந்த முதல் மிதி சந்தியில் வரக் கூடாது. பிறகு ஐந்து கிலோமீற்றர் ஓடி, இறங்கி, இடதையும் வலதையும் திரும்ப ஒருமுறை ஒப்பிடுங்கள்.

அந்த ஜீப் இப்போதும் ஓடுகிறது. போன முறை அந்தப் பக்கம் போனபோது, அண்ணை போனற்றைத் திறந்து காட்டினார். பிறேக் டப்பாவின் மூடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால் எழுதி வைத்திருந்தார்: "பிறேக் ஒயில் மட்டும்." உங்கள் ஜீப்பிலும் இன்று பின்னேரம் அதை எழுதிவிடுங்கள். பிறகு உங்கள் வீட்டில் வாகனம் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள்.